நாலாவது வரி

ஒருவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். இடித்துக் கட்டக் கூடாது. இவ்வளவு சின்ன விஷயம், கல்லூரியில் மண்ணியல் படித்துப் பட்டம் வாங்கிய, ஒரு சங்கத்துக்கே தலைவனாக இருக்கிற முப்பத்து நாலு வயது ஆளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? மார்லிஸ் வாவ்ராவுக்கு இந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

மார்லிஸுக்கு அறுபத்தேழு வயது. நெப்ராஸ்காவில் கார்னி நகரத்துக்காரர். நகரக் குடிநீர் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும் நாளில் மற்றவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள்; மார்லிஸ், தான் பழகிய கண்ணாடிச் சொட்டுக்குழாயை ஸ்டாண்டோடு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் கார் ஓட்டினாலும் கடலைப் பார்க்க ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். மார்லிஸ் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான். ஐம்பதாவது வயதில், டெக்சாஸ் கரையில். அன்றைக்கென்று கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. "இவ்வளவுதானா? எங்க வீட்ல இருக்கறது இதைவிட சுத்தம்" என்று சொல்லிவிட்டு, பொரித்த இறால் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் இருப்பது, கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் ஆறடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், நாலைந்து மீன்கள். நடுவில் காரின் ஸ்டியரிங் அகலத்துக்கு ஒரு பவளப் புதர். விரல் பவளம் என்று பெயர். நூறு கைகளின் விரல்களைச் சேர்த்து நட்டுவைத்ததைப் போலிருக்கும். நிறம் ஒன்றும் பிரமாதமில்லை, பழுப்புதான், நுனியில் மட்டும் லேசான பச்சை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒமாஹாவில் பல் பிடுங்கப் போனபோது, காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி வைத்திருந்த டாக்டர் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்தார். பல்லைக் கொடுத்துவிட்டு விரலை வாங்கி வந்தேன் என்று மார்லிஸ் சொல்வார்.

பவளம் வளர்ப்பதென்றால் எலும்பு வளர்ப்பது. மேலே தெரிகிற சதை காகிதத் தடிமன்கூட இருக்காது. அதற்குள்ளே சுண்ணாம்பு எலும்பு. அந்தச் சின்ன உயிர் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பையும் காரத்தையும் இழுத்து இழுத்து ராப்பகலாகக் கட்டிக்கொண்டே இருக்கும். கடலில் இரண்டும் குறைவதில்லை. தொட்டியில் குறையும். குறைந்ததை நாம்தான் போட வேண்டும். இதற்குக் கடைகளில் பத்து விதப் புட்டிகள், மருந்தைத் தானே ஊற்றும் மோட்டார்கள், போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் எல்லாம் உண்டு. மார்லிஸிடம் இருப்பது பழைய பால் ஜாடி ஒன்று. மளிகைக்கடையில் ஊறுகாய்க்கென்று விற்கிற சுண்ணாம்பை அதில் கரைத்துத் தெளிய வைப்பார். தெளிந்த நீர் மட்டும் மெல்லிய குழாய் வழியாக நொடிக்கு ஒரு சொட்டு விழும். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கும் ஈடாயிற்று, எலும்புக்கும் ஆகாரமாயிற்று. காலையில் காபி குடிப்பதற்கு முன் குடிநீர் நிலையத்துச் சொட்டுக்குழாயை வைத்துக் காரத்தன்மையைச் சோதிப்பார். நீலம் மஞ்சளாகும் சொட்டில் நிறுத்திப் பார்த்தால் ஏழரை. நேற்றும் ஏழரை, போன வருஷமும் ஏழரை. நமக்கெல்லாம் ஏழரை என்றாலே சனிதான். அந்த வீட்டில் ஏழரைதான் சுபம்.

கார்னியில் இப்படிக் கடல் வளர்க்கிற கிறுக்கர்கள் முப்பது பேர் சேர்ந்து சமவெளிக் கடல் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதலில் ஐந்து பேர் கூடி ஆரம்பித்தபோது மார்லிஸ்தான் விதிகளை எழுதினார். அதில் ஒன்று விரல் விதி. யார் கேட்டாலும் உன் பவளத்தில் ஒரு விரல் ஒடித்துக் கொடு. உன்னுடையது செத்தால் கொடுத்த இடத்தில் திருப்பிக் கேள். அப்படித் திரும்பி வருவது கடைசி விரலாக இருந்தால் அந்த இடத்திலேயே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொடுத்தவனிடமே விட்டுவிட்டு வா. எந்தப் பவளமும் ஒரே தொட்டியில் தனியாக இருக்கக் கூடாது. மின்சாரம் போகும், தொட்டி விரிசல் விடும், வேறொரு வீட்டில் ஒரு பாதி இருந்தால் உயிர் தப்பும். நல்ல விதி. எழுதியவரின் கையையே அது கட்டிப்போடும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மார்லிஸ் இத்தனை வருஷத்தில் நாற்பது விரலாவது கொடுத்திருப்பார். ப்ரோடி லிண்ட்கிரெனும் ஒன்று வாங்கிப் போனான்.

ப்ரோடிக்கு வேலை விவசாயிகளுக்கு உர ஆலோசனை. மண்ணைச் சோதிப்பான், இதைக் கொட்டு அதைக் கொட்டு என்பான், சோளம் ஆளுயரம் எழும்பும். அதில் அவன் கெட்டிக்காரன்தான், பொய் சொல்லக் கூடாது. போன வருஷம் சங்கத் தலைவனானதும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே கடலுக்கும் கொண்டுவந்தான். காரத்தன்மை பதினொன்று இருந்தால் வளர்ச்சி இரட்டிப்பு என்று ஓர் அட்டவணை போட்டு எல்லாருக்கும் கொடுத்தான். மார்லிஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தார்.

பிப்ரவரியில் மார்லிஸுக்கு வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை. இடது முட்டிக்கு அக்டோபரில் நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியும் அதன் பிறகு நடைப்பயிற்சி விடுதியுமாகப் பதினாறு நாள் வீட்டில் இருக்க முடியாது. இப்படி ஒருவர் வெளியே போனால் சங்கத்தில் இன்னொருவர் அவர் தொட்டியைப் பார்த்துக்கொள்வது வழக்கம். முடிவெட்டும் கடை வைத்திருக்கிற ஆர்லோ குச்செராதான் எப்போதும் மார்லிஸ் வீட்டுக்கு வருவார். இந்தத் தடவை ஆர்லோவுக்கு நெஞ்சில் சளி, படுத்துவிட்டார். தலைவனே நான் போகிறேன் என்றான். மார்லிஸ் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனார்.

ஒன்று, ஜாடி காலியானால் தெளிந்த நீரை மட்டும் ஊற்று, அடி வண்டலைக் கலக்காதே. இரண்டு, மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. மூன்று, கண்ணாடியில் படியும் உப்பைத் துடை. நான்கு, வேறு ஒன்றும் செய்யாதே. நாலாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு.

பதினேழாம் நாள் ஆர்லோ தன் காரில் அழைத்து வந்தார். மார்ச் முதல் வாரம், ஆற்றுப் பக்கம் கொக்குக் கூட்டம் வந்து இறங்கி ஒரே கூச்சல். மார்லிஸ் ஊன்றுகோலோடு கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்ததும் நின்றார். கூடத்தின் நடுவில் தொட்டி. தொட்டியின் நடுவில் புதர், வெள்ளை வெளேரென்று. பழுப்பில்லை, பச்சையில்லை. உரித்துப் போட்ட எலும்பு. கீழ்க்கிளைகளில் மட்டும் கொஞ்சம் சதை கந்தலாகத் தொங்கியது. அதையும் மீன் கொத்திக்கொண்டிருந்தது.

"உக்காருங்க மார்லிஸ், முதல்ல உக்காருங்க" என்றார் ஆர்லோ.

"அந்தச் சொட்டுக்குழாயை எடு."

"இப்பவா? கோட்டாவது கழட்டுங்க."

"ஆர்லோ, அந்தக் குழாயை எடுன்னேன்."

கோட்டைக் கழற்றாமலே சோதித்தார். சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது, நீலம் மாறுகிற வழியைக் காணோம். ஏழரை தாண்டிற்று, பத்து தாண்டிற்று. பன்னிரண்டரையில்தான் மஞ்சளாயிற்று. ஆர்லோ தொட்டிக்குள் கையை விட்டு, தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஹீட்டரை வெளியே எடுத்தார். அதன் கண்ணாடி உறையே தெரியவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி அரை அங்குலத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு மேலோடு கட்டியிருந்தது.

முப்பத்தோரு வருஷம் தண்ணீரோடு வாழ்ந்தவருக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஏற்கெனவே சுண்ணாம்புத் தெளிநீர் விழுந்துகொண்டிருக்கிற தண்ணீரில் எவனோ சோடா உப்பைக் கரைத்து மொத்தமாகக் கொட்டியிருக்கிறான். தாங்காத தண்ணீர் பாதிச் சுண்ணாம்பைச் சூடான ஹீட்டர்மேல் கக்கிவிட்டது. இருந்த காரத்தில் எலும்பு ஒரே பாய்ச்சலாக ஓடியிருக்கிறது, காகிதத் தடிமன் சதையால் அதற்கு ஈடுகொடுத்து ஓட முடியவில்லை, நுனியிலிருந்து வெந்து உரிந்துவிட்டது. எலும்புக்குப் போக வேண்டியது ஹீட்டருக்குப் போயிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஆனால் இங்கே பிள்ளையார் ஏற்கெனவே இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார், யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

மார்லிஸ் போனை எடுத்தார்.

"ப்ரோடி, என் தொட்டியில என்ன ஊத்தினே?"

"வந்துட்டீங்களா மார்லிஸ்? முட்டி எப்படி இருக்கு?"

"முட்டியை விடு. என்ன ஊத்தினே?"

"கொஞ்சம் சோடாதான். வந்த அன்னிக்கே சோதிச்சுப் பாத்தேன், ஏழரைன்னு காமிச்சுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான் மெதுவா மேல கொண்டுவந்தேன்."

"எத்தனை நாள்ல?"

"ரெண்டு நாள்ல."

"இருபத்திரெண்டு வருஷமா அது ஏழரைலதான்டா இருந்துச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். பாவம், இத்தனை வருஷமா அரை வயிறு கஞ்சியில இருந்திருக்கு. சோளத்துக்கெல்லாம் இப்படிக் குறைஞ்சா…"

"நாலாவது வரி படிச்சியா?"

"படிச்சேன். சும்மா எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். பெரியவங்க அப்படித்தானே எழுதுவீங்க, எனக்குச் சிரமம் வேணாம்னு."

மார்லிஸ் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அழுதார். அழுதது துக்கத்தில் மட்டுமில்லை, ஆத்திரத்தில் பாதி. படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான். தெரியாமல் செய்தவனையாவது மன்னிக்கலாம்.

சரி, தப்பு செய்தவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சங்கக் கடிதம் வந்தது. ஆர்லோ அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கி நின்றார். மார்லிஸ் பிடுங்கிப் படித்தார். 'பழைய முறைகளால் நேரும் இழப்பு' என்று தலைப்பு. மூத்த உறுப்பினர் ஒருவரின் தொட்டியில் பல வருஷம் காரக் குறைவால் பலவீனப்பட்டிருந்த பவளம், காப்பாற்ற முயன்றும் பலனின்றி இறந்துவிட்டது. உறுப்பினர்கள் அனைவரும் அட்டவணைப்படி பதினொன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படிக்குத் தலைவர்.

"காப்பாத்த முயன்றானாம்" என்றார் மார்லிஸ்.

"பேரு போடலையே" என்றார் ஆர்லோ, சமாதானமாக.

"பேரு வேறயா? கார்னியில முட்டி மாத்தின மூத்த உறுப்பினர் எத்தனை பேர் இருக்காங்க? சனிக்கிழமை கூட்டத்துக்கு வர்றேன். ஹீட்டரை ஒரு பையில போடு. உரசிடாதே, அந்தச் சுண்ணாம்பு எனக்கு அப்படியே வேணும்."

சங்கக் கூட்டம் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பெரிய பாத்திரங்களில் சூடாக இருந்தன. அந்த ஊரில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்னாவிட்டால் யாருக்கும் கூட்டம் நடந்த திருப்தி வராது. மார்லிஸ் தட்டு எடுக்கவில்லை. ஊன்றுகோலோடு நேரே முன்மேசைக்குப் போய் ப்ரோடியின் தட்டுக்குப் பக்கத்தில் ஹீட்டரை வைத்தார்.

"இது என்னன்னு சொல்லு."

ப்ரோடி வாயிலிருந்ததை விழுங்கினான். "ஹீட்டர்."

"மேல இருக்கறது?"

"படிவு."

"என் பவளத்தோட எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு அது. காரம் கம்மியா இருக்கற தண்ணியில இது எப்படிடா படியும்? உரத்துக்குப் படிச்சவன்தானே நீ. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் காது சிவந்தது. மார்லிஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவன்கிட்ட அப்புறம் வர்றேன். எனக்கு என் விரல் திரும்ப வேணும். யார்கிட்ட இருக்கு?"

அங்கே இருந்தவர்களில் பதினொரு பேர் அவரிடம் விரல் வாங்கியவர்கள். குழம்பில் எதையோ தேடுகிற மாதிரி எல்லாரும் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பள்ளி பஸ் ஓட்டுகிற பெண் வாயைத் திறந்தாள்.

"என்னோடது நவம்பர்ல போயிடுச்சு மார்லிஸ். பதினொண்ணுக்கு ஏத்தினேன். நுனியெல்லாம் வெந்துபோச்சு. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அடைப்பு உடைந்தது. கால்நடை டாக்டருடையது டிசம்பரில் போயிருந்தது. இன்னொருவருடையது நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் பண்டிகையன்று, வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போதே. ஆர்லோவுடையது ஜனவரிப் பனிப்புயலில் மின்சாரம் போய்ச் செத்தது, அதை அவர் முன்பே சொல்லியிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் அட்டவணைக்குக் காவு கொடுத்தவர்கள். ஒவ்வொருவரும் தன் கைதான் ராசியில்லாத கை என்று நினைத்து மூடி மறைத்திருக்கிறார்கள்.

மார்லிஸுக்கு இப்போது ப்ரோடிமேல் இருந்ததைவிட இவர்கள்மேல்தான் கோபம் வந்தது. "ஒருத்தராவது எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, நான் இவனை வாசப்படி ஏற விட்டிருப்பேனா? உங்க வெக்கத்துக்கு என் பவளமா பலி?"

ஒமாஹா டாக்டர் காலமாகி, அந்தத் தொட்டியும் போய் ஏழு வருஷமாயிற்று. ஊரைவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் மார்லிஸ் அந்த வாரமே போன் போட்டுப் பார்த்திருந்தார். ஒருவரிடமும் இல்லை. இந்த அறையில் இல்லையென்றால் எங்குமே இல்லை. வரும்போது இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்து, அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போது ப்ரோடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"நீங்க குடுத்தது பழுப்பா இருந்துச்சு. பெரிய தொட்டியில எடுப்பா இல்லன்னு… கராஜ்ல ஜெயில்ல போட்டுட்டேன்."

கடல் வளர்க்கிறவர்கள் வீட்டில் ஜெயில் என்றால், மற்ற மீன்களைக் கடிக்கிற போக்கிரி மீனைத் தனியாக அடைத்து வைக்கும் சின்னத் தொட்டி. ப்ரோடியின் ஜெயில் கராஜில், கோதுமை விதைச் சாக்குகளுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது. கூட்டம் முடியும்வரை மார்லிஸ் காத்திருக்கவில்லை. ஆர்லோ காரை எடுத்தார், ப்ரோடி முன்னால் வழிகாட்டிப் போனான்.

நாற்பது லிட்டர்கூடப் பிடிக்காத பத்து கேலன் தொட்டி. மேலே பட்டறைகளில் மாட்டுகிற சாதாரண விளக்கு. உள்ளே நீலக் கலர் போக்கிரி ஒன்று கண்ணாடியில் மோதி மோதி முறைத்தது. அதற்குப் பின்னால், பாசி பிடித்த கல்லின்மேல், உள்ளங்கை அளவுக்கு விரல் விரலாகப் பழுப்புப் பவளம், நுனியில் பச்சையோடு. எண்ணிப் பார்த்தால் ஏழு விரல். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, முழுச் சதையோடு இருந்தது.

"இதுக்கு என்ன ஊத்தறே?" என்றார் மார்லிஸ்.

"நான் ஒண்ணும் ஊத்தறதில்ல. இது இருக்கறதே மறந்துபோச்சு."

கராஜ் கதவருகே அவன் மனைவி டெஸ்ஸா, கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நான்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு வாளி உப்புத்தண்ணி மாத்துவேன். தினம் ஒரு சிட்டிகை தீனி. மீன் பாவம்னு. வேற ஒண்ணும் பண்றதில்ல."

மார்லிஸ் பையிலிருந்து சோதனைக் குப்பிகளை எடுத்து, புல்வெட்டும் இயந்திரத்தின் மேலேயே வைத்துச் சொட்டு விட்டார். ப்ரோடி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். நீலம் மஞ்சளாயிற்று.

"படி" என்றார்.

"ஏழு புள்ளி நாலு" என்றான் ப்ரோடி.

"சத்தமா."

"ஏழு புள்ளி நாலு."

"அடுத்த கடிதத்துல இதை எழுதறே. ஹீட்டரையும் எழுதறே. இப்படிக்குத் தலைவர்னு கையெழுத்தும் போடறே."

அவன் தலையாட்டினான்.

பவளத்தை எடுக்கக் கையை விட்டதும் போக்கிரி வந்து விரலில் ஒரு கடி வைத்தது. மார்லிஸ் கையை எடுக்கவில்லை. "இந்த வீட்ல இது ஒண்ணாவது காவல் காத்திருக்கு" என்றார்.

கல்லோடு வெளியே எடுத்து வாளியில் வைத்தார். ஏழு விரலும் அவர் வாளிக்குள் இருந்தன. அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஆர்லோ எதுவும் கேட்கப் போவதில்லை, ப்ரோடிக்குக் கேட்க வாயில்லை. மார்லிஸ் வெகு நேரம் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். இவனிடமா? இருபத்திரண்டு வருஷத்தை இரண்டு நாளில் வேகவைத்தவனிடமா பாதியை விட்டுவிட்டுப் போவது? கடைசி விரல் என்றால் அந்த இடத்திலேயே வெட்டு என்று எழுதியவர் வேறு யாராவதாக இருந்தால், அந்தக் காகிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பார்.

"கத்தரி குடு" என்றார்.

ப்ரோடி கொண்டுவந்து கொடுத்தான். எலும்பு நறுக்கென்று ஒடிந்தது. நாலு விரல் மார்லிஸுக்கு, மூன்று விரல் ஜெயிலுக்கு.

"மார்லிஸ், நான் உங்ககிட்ட மன்னிப்பு…"

"அது விதியில இல்ல. பாதி குடுக்கணும்னு இருக்கு, குடுத்துட்டேன். நான் ஒண்ணும் சமாதானம் ஆகல." பையிலிருந்து அந்த நாலு வரிக் காகிதத்தை எடுத்து ஜெயில் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"டெஸ்ஸா, அக்டோபர்ல எனக்கு அடுத்த முட்டி. என் தொட்டியைப் பாத்துக்க நீ வர்றே."

டெஸ்ஸா திடுக்கிட்டாள். "நானா? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றார் மார்லிஸ். ஆர்லோ வாளியைத் தூக்கிக்கொண்டார்.